களைத்து வந்தவரும் இளம் இமாமும்



சென்னையிலிருந்து சேலம் வழியாகக் கோவைக்குச் செல்லும் இருப்புப் பாதையில், திருப்பத்தூர், சாமல்பட்டி ஆகிய நிலையங்களைக் கடந்தபின் மொரப்பூர் வருகிறது. தருமபுரிக்கும் அரூருக்கும் செல்வோர் இறங்குமிடம் அது. 1906ஆம் ஆண்டு இங்கிருந்து தருமபுரிக்குச் சிறு பாதை ஒன்று போடப்பட்டது. பஞ்சக் காலத்தில் தானியம் கொண்டு சேர்ப்பதும் அதன் நோக்கங்களுள் ஒன்று. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் அந்தத் தண்டவாளங்கள் பெயர்த்து எடுக்கப்பட்டன. பெரிய பாதை மட்டும் நின்றது. மொரப்பூர் வழிப்போக்கர் இறங்கி ஏறும் ஊராகவே நிலைத்தது.

அப்படி இறங்குவோருள் நம் மதரஸா மாணவர்களும் உண்டு. ஷஅபான் மாதத்தில் ஆண்டுத் தேர்வு முடிந்ததும், ரமளானுக்கு முன்பாக ஒரு வாரம், இந்த வட்டாரத்துச் சிற்றூர்களுக்கு இருவர் மூவராக அவர்களை அனுப்பி வைப்பது நம் வழக்கம். பத்து இருபது முஸ்லிம் குடும்பங்கள் மட்டுமே வாழும் ஊர்கள் அவை. வீட்டில் உருதுவும் வெளியில் தமிழும் பேசுவோர் பலர். சிறிய பள்ளிவாசல் இருக்கும். நிலையான இமாம் இருக்கமாட்டார். ஜும்ஆவுக்கு யாரேனும் நகரத்திலிருந்து வந்து போவார். மரவள்ளி, கேழ்வரகு வயல்களிலும் மாந்தோப்புகளிலும் செங்கல் சூளைகளிலும் உழைப்போர் ஊரில் இருப்பர். இளைஞரில் பெரும்பாலோர் பெங்களூருக்கும் திருப்பூருக்கும் வேலைக்குச் சென்றிருப்பர்.

சில ஆண்டுகளுக்கு முன் அவ்வாறு சென்று திரும்பிய மாணவர் ஒருவர் மனவருத்தத்துடன் நம்மிடம் வந்தார். நல்ல குரலும் நினைவாற்றலும் உடையவர். முதல் நாள் இஷாவுக்குப் பின் ஒரு மணி நேரம் பயான் செய்திருக்கிறார். இரண்டு வரிசை நிறைந்திருந்தது. மறுநாள் ஒரு வரிசை. மூன்றாம் நாள் முதியவர் இருவர் மட்டும். “ஹஜ்ரத், அந்த ஊர் மக்களுக்கு தீனில் நாட்டமில்லை” என்று கூறி முடித்தார். நாமும் அப்போது தலையை அசைத்து ஒப்புக்கொண்டோம்.

அடுத்த மாதம் அதே ஊர்ப் பெரியவர் ஒருவரைத் தற்செயலாகச் சந்தித்தோம். அவர் பணிவுடன் சொன்னார்: “புள்ள நல்லாத்தான் ஓதுச்சு ஹஜ்ரத். குறை சொல்லலை. சூளையில நின்னுட்டு வர்ற கால் பாருங்க, ஒரு மணி நேரம் உக்காந்தா எந்திரிக்க முடியலை. விடியக்காலம் நாலு மணிக்கு மறுபடியும் போகணும்.”

அன்றிரவு நம் மனம் மதீனாவின் ஓரத்திலிருந்த ஒரு குடியிருப்பை நோக்கிச் சென்றது. இதே முறையீடு அங்கே ஏற்கெனவே ஒலித்திருந்தது. நாம் பலமுறை பாடமாக நடத்திய ஹதீஸ்தான். இருந்தும், தேவைப்பட்ட வேளையில் அது நம் நினைவுக்கு வரவில்லை.

பனூ ஸலிமா என்னும் அன்சாரிக் குலத்தார் மஸ்ஜிதுன் நபவியிலிருந்து தொலைவில் குடியிருந்தனர். கிப்லா மாற்றத்தின் நினைவாக விளங்கும் மஸ்ஜிதுல் கிப்லத்தைன் அவர்களுடைய பகுதியில்தான் உள்ளது. பள்ளிக்கு அருகில் குடிபெயர்ந்துவிட அவர்கள் விரும்பியபோது, இருக்கும் இடத்திலேயே இருக்குமாறும், பள்ளியை நோக்கி எடுத்து வைக்கும் அடிகள் நன்மையாக எழுதப்படும் என்றும் நபி (ஸல்) அவர்கள் அறிவுறுத்தினார்கள். அந்த மக்களுக்குத் தொழுகை நடத்தியவர் முஆத் இப்னு ஜபல் (ரலி) அவர்கள்.

முஆத் (ரலி) அவர்கள் பதினெட்டு வயதில் இஸ்லாத்தைத் தழுவியவர்கள் என வரலாற்று ஆசிரியர்கள் எழுதுகின்றனர். கி.பி. 622இல் நடந்த இரண்டாம் அகபா உடன்படிக்கையில் கலந்துகொண்டவர்கள். யாரிடமிருந்து குர்ஆனைக் கற்க வேண்டும் என்று நபி (ஸல்) அவர்கள் பெயர் குறிப்பிட்ட நால்வருள் ஒருவர். ஹலால், ஹராம் பற்றிய அறிவில் சிறந்தவர் என்று நபியவர்களாலேயே பாராட்டப்பட்டவர். நம் மதரஸாக்கள் உருவாக்க விரும்பும் இளம் ஆலிமுக்கு இதைவிடச் சிறந்த முன்மாதிரி கிடைப்பது அரிது.

அவர்கள் நபி (ஸல்) அவர்களுக்குப் பின்னால் இஷாத் தொழுதுவிட்டு, தம் மக்களிடம் சென்று அவர்களுக்கு இமாமாக நிற்பார்கள். ஓர் இரவு அவ்வாறு நின்று சூரத்துல் பகராவை ஓதத் தொடங்கினார்கள். 286 வசனங்களைக் கொண்ட, குர்ஆனின் மிக நீண்ட அத்தியாயம் அது. அன்று ஓர் உழவர் பகல் முழுவதும் உழைத்துவிட்டு வந்து தொழுகையில் சேர்ந்திருந்தார். நம் பக்கத்தில் முன்பு மாடு பூட்டிக் கவலை இறைத்ததைப் போல, அங்கே ஒட்டகங்களைக் கொண்டு தண்ணீர் இறைத்துத் தோட்டங்களுக்குப் பாய்ச்சுவர். அந்த வேலை செய்பவர் அவர். ஓதுதல் நீண்டுகொண்டே சென்றது. அவரால் நிற்க இயலவில்லை. வரிசையிலிருந்து விலகித் தனியாகத் தொழுதுவிட்டுச் சென்றுவிட்டார்.

செய்தி முஆத் (ரலி) அவர்களுக்கு எட்டியது. அவர் நயவஞ்சகர் என்று அவர்கள் சொல்லிவிட்டார்கள். இளமையும் அறிவும் மார்க்கப் பற்றும் ஒன்றுசேர்ந்த உள்ளத்திலிருந்து அவசரத்தில் வெளிப்பட்ட சொல் அது. நம் மாணவர் அந்த ஊர் மக்களுக்கு நாட்டமில்லை என்று கூறியதும் அதே வழியில் வந்ததுதான். தம் தோழரைப் பற்றி அப்படி நினைக்க முஆத் (ரலி) அவர்களுக்கே வாய்ப்பு நேர்ந்ததென்றால், நம் மாணவரைக் குறை கூற என்ன இருக்கிறது?

அந்த உழவர் நேரே நபி (ஸல்) அவர்களிடம் சென்றார். தாங்கள் ஒட்டகங்களைக் கொண்டு நீர் இறைத்துப் பகலெல்லாம் உழைக்கும் மக்கள் என்பதையும், முஆத் (ரலி) அவர்கள் தாமதமாக வந்து பகராவைத் தொடங்கியதையும் எடுத்துரைத்தார். நபி (ஸல்) அவர்கள் அந்த உழவரைக் கண்டிக்கவில்லை. முஆத் (ரலி) அவர்களை நோக்கித் திரும்பி, மக்களைக் குழப்பத்திலும் சோதனையிலும் ஆழ்த்துபவரா நீர் என்ற பொருளில் மீண்டும் மீண்டும் கேட்டார்கள். அல்அஃலா, அஷ்ஷம்ஸ், அல்லைல் ஆகிய அத்தியாயங்களை ஓதியிருக்கலாமே என்று சொல்லிக் கொடுத்தார்கள். அவற்றின் வசனங்கள் முறையே 19, 15, 21 மட்டுமே. பின்னால் நிற்போரில் முதியவரும் பலவீனரும் வேலை உள்ளவரும் இருப்பர் என்ற காரணத்தையும் விளக்கினார்கள். புகாரி, முஸ்லிம் ஆகிய நூல்களில் இந்நிகழ்ச்சி பதிவாகியுள்ளது.

முஆத் (ரலி) அவர்கள் ஓதியதில் பிழை இல்லை. ஓதிய குர்ஆனும் உண்மை. ஓதியவரின் எண்ணமும் தூயது. வரிசையில் நிற்பவர் எங்கிருந்து, எந்த நிலையில் வந்து நிற்கிறார் என்பதை மட்டும் அவர்கள் அன்று பார்க்கவில்லை. அந்த ஒன்றுக்காகவே கண்டிப்பு வந்தது.

அதன்பின் நடந்ததைத்தான் நாம் பெரும்பாலும் சொல்ல மறக்கிறோம். கண்டிக்கப்பட்ட அந்த இளைஞரை நபி (ஸல்) அவர்கள் ஒதுக்கி வைக்கவில்லை. அவர்களுடைய கையைப் பற்றிக்கொண்டு, தாம் அவரை நேசிப்பதாக அல்லாஹ்வின் மீது ஆணையிட்டுக் கூறி, ஒவ்வொரு தொழுகைக்குப் பின்னும் ஓத வேண்டிய ஒரு துஆவைக் கற்றுக் கொடுத்தார்கள். மக்கா வெற்றிக்குப் பின் ஹுனைனுக்குப் புறப்பட்டபோது, புதிதாக இஸ்லாத்தில் இணைந்த மக்காவாசிகளுக்கு மார்க்கம் கற்பிக்க முஆத் (ரலி) அவர்களையே அங்கு விட்டுச் சென்றார்கள். ஹிஜ்ரி 9 அல்லது 10ஆம் ஆண்டில் அதைவிடப் பெரிய பொறுப்பை அளித்தார்கள். யமன் நாட்டின் ஒரு பகுதிக்கு முஆத் (ரலி) அவர்களும், மற்றொரு பகுதிக்கு அபூமூஸா அல்அஷ்அரீ (ரலி) அவர்களும் அனுப்பப்பட்டனர்.

இருவருக்கும் வழங்கப்பட்ட அறிவுரை மிகச் சுருக்கமானது. எளிதாக்க வேண்டும், கடினமாக்கக் கூடாது; நற்செய்தி சொல்ல வேண்டும், வெறுப்பேற்றி விரட்டக் கூடாது; இருவரும் ஒத்துப்போக வேண்டும். முஆத் (ரலி) அவர்களுக்குத் தனியாக வரிசைமுறை ஒன்றும் சொல்லப்பட்டது. முதலில் இறைவன் ஒருவன் என்பதன் பக்கம் அழைக்க வேண்டும். அதை ஏற்றால் ஐவேளைத் தொழுகை. அதையும் ஏற்றால், அவர்களுள் செல்வந்தரிடமிருந்து எடுத்து அவர்களுள் ஏழைகளுக்கே வழங்கப்படும் ஜகாத். எடுக்கும்போது அவர்களுடைய பொருள்களில் மிகச் சிறந்தவற்றைத் தேர்ந்து எடுத்துவிடக் கூடாது. அநீதி இழைக்கப்பட்டவரின் துஆவுக்கு அஞ்ச வேண்டும். அதற்கும் அல்லாஹ்வுக்கும் இடையே திரை இல்லை. மார்க்கம் முழுவதையும் முதல் நாளே இறக்கி வைக்குமாறு அவர்களிடம் சொல்லப்படவில்லை.

யமனில் முஆத் (ரலி) அவர்கள் நடந்துகொண்ட முறை, அந்த உழவரின் முறையீட்டை அவர்கள் மறக்கவில்லை என்பதையே நமக்கு உணர்த்துகிறது. யமன் மக்கள் நெசவில் பெயர் பெற்றவர்கள். ஜகாத்தாகச் செலுத்த வேண்டிய வாற்கோதுமைக்கும் சோளத்துக்கும் பதிலாக ஆடைகளைக் கொடுக்கலாம் என்று அவர்களிடம் முஆத் (ரலி) அவர்கள் கூறினார்கள். அது கொடுப்பவர்களுக்கும் எளிது. மதீனாவிலுள்ள நபித்தோழர்களுக்கும் பயனுள்ளது என்று காரணம் கூறியதாகத் தாவூஸ் (ரஹ்) அவர்களின் அறிவிப்பு சொல்கிறது. முன்பு தமக்குத் தெரிந்த நீண்ட அத்தியாயத்தை எடுத்து ஓதியவர்கள், இங்கே எதிரில் நிற்பவரிடம் என்ன இருக்கிறது, அவரால் எது இயலும் என்று பார்த்துக் கேட்கிறார்கள்.

இரு ஆசிரியர்களும் அவ்வப்போது சந்தித்துக்கொள்வர். நீர் குர்ஆனை எவ்வாறு ஓதுகிறீர் என ஒருவரையொருவர் வினவுவர். இரவின் முற்பகுதியில் உறங்கிவிட்டுப் பின்னர் எழுந்து ஓதுவதாகவும், தம் நின்று வணங்குதலுக்கு நன்மையை எதிர்பார்ப்பதைப் போலவே தம் உறக்கத்துக்கும் எதிர்பார்ப்பதாகவும் முஆத் (ரலி) அவர்கள் கூறினார்கள். உறக்கமும் ஓய்வும் உழைப்பவரின் உரிமை என்பதைத் தம் வாழ்விலும் அவர்கள் கற்றுக்கொண்டிருந்தார்கள்.

ஒரு வாரம் என்பது மிகக் குறுகிய காலம், அதில் என்ன செய்துவிட முடியும் என்று பெற்றோர் சிலர் நம்மிடம் கேட்பதுண்டு. இதற்கும் நபியவர்களின் அவையிலேயே விடை இருக்கிறது. மாலிக் இப்னுல் ஹுவைரிஸ் (ரலி) அவர்களும் அவர்களுடன் ஒத்த வயதுடைய சில இளைஞர்களும் மதீனாவுக்கு வந்து இருபது இரவுகள் தங்கினர். அவர்களுக்குத் தம் குடும்பத்தார் மீது ஏக்கம் வந்துவிட்டதை நபி (ஸல்) அவர்கள் தாமாகவே உணர்ந்தார்கள். ஊரில் யார் யாரை விட்டுவந்தீர்கள் என்று அன்போடு விசாரித்தார்கள். பிறகு, திரும்பிச் சென்று தம் குடும்பத்தாருக்குக் கற்றுக் கொடுக்குமாறும், தாம் தொழக் கண்டவாறே தொழுமாறும், நேரம் வந்ததும் ஒருவர் பாங்கு சொல்ல மூத்தவர் இமாமாக நிற்குமாறும் சொல்லி அனுப்பினார்கள். இருபது இரவுகளில் அவர்கள் கற்றது, ஓர் ஊர் தன் தொழுகையைத் தானே நடத்திக்கொள்ளப் போதுமானதாக இருந்தது.

இன்னொரு நிகழ்ச்சி, மொரப்பூர் போன்ற வழியோர ஊர்களை நினைவூட்டுவது. அம்ரு இப்னு ஸலிமா (ரலி) அவர்களின் குலத்தார் மக்கள் கடந்து செல்லும் பாதையில், ஒரு நீர்நிலையின் அருகே வசித்தனர். பயணக் கூட்டத்தார் அவ்வழியே போகும்போது, சிறுவரான அவர் அவர்களிடம் கேட்டுக் கேட்டுக் குர்ஆன் வசனங்களை மனத்தில் பதித்துக்கொள்வார். மக்கா வெற்றிக்குப் பின் அந்தக் குலத்தார் இஸ்லாத்தை ஏற்றனர். அதிகமாகக் குர்ஆன் தெரிந்தவர் இமாமாக வேண்டும் என்ற கட்டளையோடு அவருடைய தந்தை நபியவர்களிடமிருந்து திரும்பினார். தேடிப் பார்த்தபோது அந்தச் சிறுவரைவிட அதிகம் தெரிந்தவர் ஊரில் இல்லை. ஆறு அல்லது ஏழு வயதில் அவர் இமாமானார். அவருடைய ஆடை சிறியதாக இருந்தது, ஸஜ்தாவில் விலகியது. அதைக் கண்ட பெண்மணி ஒருவர் எடுத்துச் சொல்ல, ஊரார் துணி வாங்கி அவருக்குச் சட்டை தைத்துக் கொடுத்தனர். அந்தச் சட்டையைப் போல் வேறெதுவும் தம்மை மகிழ்வித்ததில்லை என்று அவர் பிற்காலத்தில் நினைவுகூர்ந்தார்.

வழிப்போக்கர் சிலர் நின்று சொல்லிச் சென்ற சில வசனங்கள் ஓர் ஊருக்கு இமாமைத் தந்தன. அந்த வழிப்போக்கர்களின் பெயர்கள்கூட நமக்குத் தெரியாது. ஒரு வாரத்துக்குச் சென்று திரும்பும் நம் மாணவரின் இடமும் அதுதான். ஊரின் இமாமாக அவர் இருக்கப்போவதில்லை. அங்கேயே வாழும் ஒரு சிறுவரின் நாவில் எதை விட்டுவருகிறார் என்பதே அந்த வாரத்தின் பலன்.

கற்பித்தலோடு பணிவிடையும் சேர வேண்டும் என்பதற்கும் முன்மாதிரி உண்டு. மதீனாவில் குர்ராஉ எனப்பட்ட எழுபது அன்சாரித் தோழர்கள் இரவில் குர்ஆனைக் கற்றனர். பகலில் தண்ணீர் சுமந்துவந்து பள்ளியில் வைத்தனர். விறகு வெட்டி விற்று, திண்ணைத் தோழர்களுக்கும் ஏழைகளுக்கும் உணவு வாங்கினர் என்று அனஸ் (ரலி) அவர்கள் அறிவிக்கிறார்கள். தண்ணீரின் அருமை தருமபுரி மாவட்ட மக்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. நிலத்தடி நீரில் ஃபுளோரைடு மிகுந்து, பற்களில் கறையும் எலும்புகளில் வலியும் கண்ட பகுதி இது. அதற்காகவே ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் கொண்டுவரப்பட்டு 2013ஆம் ஆண்டு தொடங்கி வைக்கப்பட்டது. இத்தகைய ஊரில் ஒரு மூதாட்டியின் குடத்தைத் தூக்கிவந்து வாசலில் வைக்கும் மாணவர், அந்த வீட்டாருக்கு ஒளுவின் சட்டங்களைச் சொல்லும்போது அவர்கள் காது கொடுத்துக் கேட்பார்கள். கேட்பவர் எந்தச் சமயத்தவரின் குடம் என்று அவர் பார்க்க வேண்டியதில்லை. அண்டை வீட்டாரின் உரிமை எல்லோருக்கும் உண்டு.

அந்த மாணவரை நாம் மறு ஆண்டும் அதே ஊருக்கே அனுப்பினோம். முந்தைய ஆண்டு பிழை அவருடையது மட்டுமன்று. ஏழு நாளுக்கு நாற்பது தலைப்புகளை எழுதிக் கொடுத்து அனுப்பியவர்கள் நாம்தாம். இம்முறை தலைப்புப் பட்டியல் கொடுக்கவில்லை. முதல் நாள் எதுவும் பேச வேண்டாம். யார் எப்போது வேலைக்குப் போகிறார், எப்போது திரும்புகிறார் என்று மட்டும் கேட்டு வாருங்கள் என்றோம்.

அவர் கேட்டார். ஊரார் கூறியவற்றுள் ஒன்று நாம் எதிர்பாராதது. தங்கள் ஊரில் ஒருவர் மௌத்தானால் குளிப்பாட்டத் தெரிந்தவர் எவரும் இல்லை என்றனர். நகரத்திலிருந்து ஆள் வரும்வரை ஜனாஸாவை வைத்துக்கொண்டு காத்திருக்க வேண்டும். பெண் மௌத்தானால் அந்தக் காத்திருப்பு இன்னும் நீளும். நாம் கொடுத்த நாற்பது தலைப்புகளில் இது இருக்கவில்லை.

எனவே அந்த வாரம் நான்கு பாடங்கள் மட்டும் நடந்தன. மஃரிபுக்குப் பின் இருபது நிமிடம் சூரத்துல் ஃபாத்திஹாவும் சிறிய சூராக்களும் பிழையின்றி ஓதும் பயிற்சி. ஜனாஸாவைக் குளிப்பாட்டி, கஃபனிட்டு, தொழவைக்கும் முறை. ஆண்கள் இருவருக்கு அவரே கற்றுக் கொடுத்தார். பெண்களுக்கு நகரத்திலிருந்து ஆலிமா ஒருவர் ஒரு நாள் வந்து கற்பித்தார். மூன்றாவது, பாங்கும் இகாமத்தும். நான்காவது, அஸருக்குப் பின் சிறுவர்களுக்கு அரபு எழுத்துகள். பகலில் முதியோர் உதவித்தொகைக்கு மனு எழுதிக் கொடுத்தார்; கண் மங்கிய ஒருவரை அரசு மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றார். கடைசி நாளிலும் இரண்டு வரிசை நின்றது. சூளைக்குப் போகும் அந்தப் பெரியவரும் அதில் இருந்தார்.

சில மாதங்களுக்குப் பின் அந்த ஊரில் ஒரு மூதாட்டி மௌத்தானார். அல்ஹம்துலில்லாஹ், ஊரிலிருந்த பெண்களே அவரைக் குளிப்பாட்டினர். யாருக்காகவும் காத்திருக்க நேரவில்லை. இச்செய்தியைக் கேட்டபோது அந்த மாணவர் எதுவும் பேசவில்லை, கண்ணைத் துடைத்துக்கொண்டார். நாமும் அவ்வாறே செய்தோம்.

முஆத் (ரலி) அவர்களின் வாழ்வு இறுதிவரை அனுப்பப்பட்டவரின் வாழ்வாகவே இருந்தது. உமர் (ரலி) அவர்களின் ஆட்சிக் காலத்தில், ஷாம் நாட்டு மக்களுக்குக் குர்ஆன் கற்பிக்க ஆசிரியர்கள் வேண்டும் என்று கோரப்பட்டபோது, உபாதா இப்னுஸ் ஸாமித் (ரலி), அபுத்தர்தா (ரலி) ஆகியோருடன் முஆத் (ரலி) அவர்களும் சென்றார்கள். ஹிஜ்ரி 18ஆம் ஆண்டு அம்வாஸ் கொள்ளை நோயில், முப்பதுகளின் வயதிலேயே, தாம் கற்பிக்கச் சென்ற மண்ணில் இறையடி சேர்ந்தார்கள். பகரா அத்தியாயத்தைத் தொடங்கிய அந்த இரவிலிருந்து அந்த நாள்வரை அவர்களுடைய அறிவு பெருகியது. அதனுடன், எதிரில் நிற்பவரின் களைப்பை அறியும் அறிவும் பெருகியது.

பெற்றோர்களே, உங்கள் பிள்ளை மதரஸாவிலிருந்து ஒரு வாரம் கிராமத்துக்குச் செல்கிறேன் என்று கேட்டால் மனமுவந்து அனுப்பி வையுங்கள். திரும்பி வந்ததும் எத்தனை பயான் செய்தாய் என்று கேட்காதீர்கள். அங்குள்ள மக்கள் என்ன வேலை செய்கிறார்கள், எத்தனை மணிக்கு உறங்குகிறார்கள் என்று கேளுங்கள். அதற்கு அவரால் பதில் சொல்ல முடிந்தால், அவர் நன்றாகவே கற்பித்து வந்திருக்கிறார் என்று அறிந்துகொள்ளுங்கள்.

கற்பவருக்கு எளிதாக்கிக் கற்பிக்கும் ஆசிரியர்களாக நம்மையும் நம் பிள்ளைகளையும் அல்லாஹ் ஆக்கியருள்வானாக. ஆமீன்.